நீலக் கவுனின் உள்பக்கம்

புதுத் துணியில் பழைய ஊசித் துளை இருக்கக் கூடாது. இந்த நீலக் கவுனில் இருந்தது.

அவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், மழை பிடித்துக்கொண்ட பகல் பதினொரு மணியின் மங்கல் வெளிச்சத்தில் உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டு, இடுப்புத் தையலை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். முந்தின நாள் மாலைதான் கணவன் கொண்டுவந்தான், கல்யாணமாகி ஒரு வருடம் ஆனதற்காக. புதுப் பெட்டி, புதுக் காகிதம், மேலே ரிப்பன் முடிச்சு. ஆனால் காகிதத்தைப் பிரித்ததும் முகத்தில் அடித்தது பாச்சை உருண்டை வாசனை. கடையில் தொங்கின துணிக்கு அந்த வாசனை வராது. பூட்டின அலமாரிக்குள் வருடக்கணக்கில் கிடந்த துணிக்குத்தான் வரும். கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் பின்னறையில் ஆல்டரேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, ஊரார் இடுப்பைப் பிடித்தும் விட்டும் பிழைத்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு விசேஷத்துக்கு உடுத்திவிட்டு, பெட்டியையே பிரிக்கவில்லை என்று சாதித்துத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை மூக்காலேயே பிடித்து அனுப்பினவள் அவள்.

ஆக, இது இன்னொருத்தி உடுத்தினது.

யார் அந்த இன்னொருத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் தேவையில்லை. எதிர்வீட்டு டீச்சர் நேற்றே சொல்லிவிட்டார். புதுக் கவுனோடு ஜன்னலில் நின்றவளைப் பார்த்து, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, கையில் விடைத்தாள் கட்டுடன், நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

"அட, ஒரு நிமிஷம் அவங்கன்னே நெனச்சுட்டேங்க. அவங்களும் இந்த நீலத்துலதான் அவ்வளவு அழகா இருப்பாங்க."

பாராட்டா, குத்தலா என்று கேட்பவருக்குத் தெரியாதபடி பேசுவதில் டீச்சர் கைதேர்ந்தவர். அந்த ஒரு பேச்சை அவள் விடிய விடிய மென்றாள்.

கணவனின் முதல் மனைவியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே சொல்: 'விட்டுட்டுப் போயிட்டா.' கல்யாணப் பேச்சின்போது அதைச் சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளும் அதற்கு மேல் பேரம் பேசவில்லை. சொந்த மருந்துக்கடை. குரல் உயர்த்தாத மனிதன். கை நீட்டுகிற சாதியே இல்லை. மாத்திரை அட்டையை வெட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் கோடு பார்த்து வெட்டிப் பேசுகிறவன். ஒருத்தி விட்டுப் போன அடையாளம் ஒன்று இருந்ததால்தான் இத்தனை நல்ல சரக்கு தன் பெஞ்சு வரைக்கும் வந்து சேர்ந்தது என்று அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். ஓரம் வெளுத்த பட்டைப் பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு வந்தவள் போல. அவளுடைய அண்ணன்கூட இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, தங்கமான மனுஷன் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனால் போனவள் போனபாடில்லை. வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது, அதுதான் வம்பு. படம் இருந்தால் மூக்கு கொஞ்சம் சப்பை, பல் கொஞ்சம் எடுப்பு என்று ஏதாவது தள்ளுபடி போட்டுக்கொள்ளலாம். இல்லாததால் அவளே மனசுக்குள் ஒரு முகம் வரைந்து, தினமும் அதற்கு அழகு கூட்டி, மகாராணி என்று பெயரும் வைத்துவிட்டாள். கூடத்து மூலையில் உறை போட்டு நின்ற தையல் மிஷின் மகாராணியுடையது. வீட்டுக்கு இரண்டு மிஷின் எதற்கு என்று கணவன் கேட்டதில் அவளுடையது விலைபோயிற்று; மகாராணியுடையதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வருடமாக உறையைக்கூட எடுக்கவில்லை.

இப்போது மகாராணியின் இடுப்பு அவள் கையில் இருந்தது. முதல் வரிசை கம்பெனித் தையல், பிரித்துப் போட்டதில் துளை மட்டும் மிச்சம். உடம்புப் பக்கமாக அரை இஞ்ச் தள்ளி, பச்சை நூலில் இரண்டாவது. இன்னும் அரை இஞ்ச் தள்ளிக் கறுப்பு நூலில் மூன்றாவது. கடைசியாக, மிஷின் இல்லாமல் கையாலேயே போட்ட வெள்ளைத் தையல் நான்காவது, அது கொஞ்சம் கோணல். எல்லாம் ஒரே கை. முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது: இரண்டு சுற்று, ஒரு குறுக்கு. நல்ல வேலைக்காரி. இளைத்துக்கொண்டே வேறு போயிருக்கிறாள். அந்த இளைப்பின் மேல்கூட அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்தவள் இடுப்பு குறைகிறது என்றால் அடிவயிறு எரியாத ஒருத்தியையும் அவள் ஆல்டரேஷன் பெஞ்சில் பார்த்ததில்லை.

நேற்று ராத்திரி இந்த நான்காவது தையல்தான் அவளுக்குத் தோல் மாதிரிப் பொருந்தியது. கணவன் பின்னால் நின்று ஜிப்பை ஏற்றும்போது வழக்கம்போல, "மூச்சைப் பிடிச்சுக்கோ," என்றான். மாதாமாதம் புதுக் கவுன் வரும்போதெல்லாம் அவன் சொல்வது அது. பெஞ்சில் அவளும் வாடிக்கையாளரிடம் சொன்னதுதான். உடம்பில் போட்டபடியே குண்டூசி குத்தும்போது, மூச்சு விட்டால் வரிசை வளையும். எவ்வளவு பிடித்துக்கொண்டாலும் கொஞ்சம் வளையத்தான் செய்யும். உயிருள்ள உடம்பு ஸ்கேலாகாது. அவன் வாயிலிருந்து அதைக் கேட்கும்போது, இவனுக்கும் நம் தொழில் தெரிகிறதே என்று அவளுக்குச் செல்லமாக இருக்கும்.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. அந்த வீட்டுப் போனில் அழைப்பு உள்ளே வரும், வெளியே போகாது. அவளுடைய கைப்பேசிக்குப் புது சிம் வாங்கித் தருகிறேன் என்று அவன் சொல்லி ஏழு மாதம். மணிக்கு ஒரு தடவை அவனே கூப்பிட்டுவிடுவதால் அவளும் நச்சரிக்கவில்லை. இப்படி யாருக்குப் புருஷன் கூப்பிடுகிறான் என்று டீச்சரே ஒருநாள் பெருமூச்சு விட்டார்.

சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, ஜன்னலில் நின்றாயா என்று வரிசைப்படி கேட்டான். அவளும் வரிசைப்படி பதில் சொன்னாள். பிறகு அவன் சொன்னான்:

"சாயங்காலம் அந்த நீலத்தைப் போட்டுக்கோமா. இடுப்புல அரை இஞ்ச் தொளதொளன்னு இருக்கு. பிடிக்கணும்."

"எனக்குச் சரியாத்தான இருக்கு?"

"உன் அளவு உனக்குத் தெரியுமா? எனக்கு மனப்பாடம்."

நேற்று வரைக்கும் இதைக் கேட்டால் உச்சி குளிர்ந்திருக்கும். இன்று போனை வைத்த கையோடு அலமாரியைத் திறந்தாள். அவன் கொடுத்த பதினொன்றும் வரிசையாகத் தொங்கின. ஆசை ஆசையாக உடுத்தினவை. பரிசாக வந்ததன் உள்பக்கத்தைப் பார்ப்பது, கொடுத்தவன் எதிரிலேயே விலைச்சீட்டைத் தேடுகிற மாதிரி என்று அவள் திருப்பிப் பார்த்ததே இல்லை; முன்பு வந்தவற்றில் அத்தர் வாசனை தூக்கலாக இருந்ததில் மூக்கும் ஏமாந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கட்டிலில் போட்டுத் திருப்பினாள். முதல் மாதத்து மஞ்சளில் கம்பெனித் தையல் மட்டும். அடுத்ததில் ஒரு வரிசை. அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று. பிடித்துத் தைத்த எல்லாவற்றிலும் இரண்டு சுற்று, ஒரு குறுக்கு.

மாதம் ஒன்றாக, பன்னிரண்டு மாதம், அவன் அவளுக்கு மகாராணியை உடுத்திவிட்டிருக்கிறான்.

 ஓடிப்போனவளை இன்னும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்க ஒரு மரப்பொம்மை தேவைப்பட்டு, அந்தப் பொம்மையாகத் தன்னைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பன்னிரண்டையும் கீறிப் போட வேண்டும் போலிருந்தது. அந்த வீட்டில் கத்தரிக்கோல் கிடையாது. கையை வெட்டிக்கொள்வாய் என்று அவன் வாங்கியதில்லை. ஒன்பது வருடம் கத்தரியோடு வாழ்ந்தவளிடம் அப்படிச் சொன்னதை அவள் அன்றைக்கு ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்திருந்தாள். மகாராணியின் மிஷினில் கட்டாயம் இருக்கும். உறையை உருவி எறிந்து, மர மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, இழுப்பறையை இழுத்தாள்.

கத்தரிக்கோல் இல்லை. மிஷினுக்கான சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு இஞ்சு டேப், நூலால் கட்டின ஒரு சின்னக் காகிதக் கட்டு. அவ்வளவுதான்.

காகிதங்கள் மருந்துக்கடை லேபிள்கள். கணவனின் அச்சுப் போன்ற கையெழுத்து: சத்து மாத்திரை, காலை 1, இரவு 1. சமையலறையில் அவள் பெயருக்கு இருக்கிற உறைமேல் ஒட்டியிருப்பது போலவே, அதே மை. பின்பக்கத்தில் வேறு கையெழுத்து. சீட்டுக்கு ஓர் எண். 32. 31½. 31. இறங்கிக்கொண்டே போயின. தையல்காரிக்கு அது என்ன எண் என்று தெரியாதா. இடுப்பு. மாதாமாதம் எடுத்த இடுப்பளவு.

கல்யாணத்தன்று அவளுடைய இடுப்பும் 32.

டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். பத்தடி தூரத்தில் வருகிறவளின் அளவைக் கண்ணாலேயே சொல்லுகிறவள், இந்த ஒரு வருடத்தில் தன்மேல் டேப்பை வைத்ததே இல்லை. வைக்கத் தோன்றவில்லை. உடுத்தினதெல்லாம் கச்சிதமாக இருந்தது. உடம்பு குறையக் குறையத் துணியும் கூடவே குறைந்து வந்ததால், எங்கேயும் தொய்வு விழவில்லை. தொய்வு விழாத இடத்தில் தையல்காரிக்கு என்ன வேலை. பசி இல்லை என்று நினைத்தாள். அவன் வைக்கிற தட்டே போதுமானதாக இருந்தது. மாத்திரை போட்டால் வயிறு மூடிக்கொள்ளும். சத்து ஏறுகிறது என்றான்.

டேப்பில் 28.

லேபிள்களில் 28 பன்னிரண்டாவது சீட்டில் இருந்தது. அதற்குப் பின்னும் மூன்று சீட்டு. 27. 26. மூன்றாவதில் எண் இல்லை. எழுத்து கோணிக்கொண்டு, பென்சிலில்:

'இன்னும் பத்தலையாம்.'

மழைச் சத்தம் கூடியது போலிருந்தது. கூடவில்லை, அவள் மூச்சுதான் நின்றிருந்தது.

கட்டிலில் கிடந்த மஞ்சள் கவுனுக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அவன் முதன்முதலில் ஆல்டரேஷன் பெஞ்சுக்குக் கொண்டுவந்தது அதுதான். தங்கச்சிக்கு வாங்கினது, அவளுக்கும் உங்கள் உடம்புதான், ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டான். வாடிக்கையாளர் கேட்டால் போட்டு நிற்பது பெஞ்சில் சகஜம். அவளுக்கு முன் பக்கத்து மிஷின்காரி போட்டு நின்றாள். அவளுக்குத் தோளில் இடித்தது. இவளுக்கு அப்படியே உட்கார்ந்தது. அந்த மாதக் கடைசியில் அவன் கல்யாணம் பேச வந்தபோது, ஐந்து பேர் இருந்த பெஞ்சில் என்னைத்தான் பிடித்திருக்கிறது என்று அவள் தலைகால் புரியாமல் திரிந்தாள். பக்கத்து மிஷின்காரி பொறாமையில் இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பொறாமையை அவள் மிட்டாய் மாதிரிச் சப்பினாள்.

அவனுக்குத் தங்கச்சி கிடையாது.

மகாராணி என்று இனி சொல்ல வாய் வரவில்லை. "அக்கா," என்றாள், காலி வீட்டைப் பார்த்து. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

படுக்கையறையில் இன்னோர் அலமாரி இருந்தது. மருந்து ஸ்டாக், தொடாதே என்று அவன் பூட்டிவைத்தது. பூட்டு நல்ல பூட்டு. ஆனால் கீல் வெளிப்பக்கம். திருகாணிக்கு மிஷின் ஸ்க்ரூ டிரைவரே போதும். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கதவைச் சாய்த்தபோது மணி நாலை நெருங்கிவிட்டது. இடையில் ஒரு மணிக்கும், இரண்டுக்கும், மூன்றுக்கும் போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய், சாப்பிட்டேன், போட்டேன், நிற்கவில்லை என்றாள்.

உள்ளே மருந்து இல்லை. பாச்சை உருண்டை வாசனை. மூன்று கவுன்.

சாம்பல் நிறம். திருப்பினாள். பிடித்துத் தைத்த பிறகு உள்துணியை ஒட்ட வெட்டியிருந்தது. பெஞ்சுக்கு வருகிறவர்கள் நூற்றுக்கு நூறு பேரும் சொல்வது ஒன்றுதான்: 'உள்ள இருக்கற துணிய வெட்டிடாதீங்க, பின்னாடி விட வேண்டி வரும்.' சதை போடும் நாள் வரும் என்ற நம்பிக்கை. அக்கா வெட்டிவிட்டாள்.

ரோஜா நிறம். இதுவும் வெட்டினது. முடிச்சு ஒரே சுற்று. குறுக்கு இல்லை. கையில் தெம்பு இல்லை.

வெள்ளை.

இதில் உள்பக்கம் ஒன்றும் இல்லை. துளை இல்லை, நூல் இல்லை. வெளிப்பக்கம் திருப்பினாள். இரண்டு விலாவிலும், அக்குளிலிருந்து இடுப்பு வரை, வெளியிலிருந்து போட்ட தையல். உடுத்தினபடியே பிடித்தது. நூல் தையல்கடை நூல் இல்லை. கறுப்பாக, வழுவழுப்பாக, காயத்துக்குப் போடுகிற நூல். தையலுக்குத் தையல் தனி முடிச்சு. அக்காவின் முடிச்சு இல்லை. ஒவ்வொன்றும் அச்சுப் போல.

நேராக இருந்தது.

விரலை வைத்துப் பார்த்தாள். ஸ்கேல் வைத்த மாதிரி நேர். எங்கேயும் வளையவில்லை. ஓர் இடத்தில்கூட.

மூச்சு விடுகிற உடம்பில் இப்படித் தைக்க முடியாது.

போன் அடித்தது. நாலு மணி. ஓடினாள்.

"சாப்பிட்டியாமா?"

"ம்."

"மூச்சு வாங்குதே."

"மாடிப்படி ஏறினேங்க. அதான்."

அவனுக்குப் பின்னால் மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள்.

"நம்ம வீட்ல மாடி ஏதுமா?" என்றான். குரல் அப்படியே இருந்தது, சிரிக்கிற மாதிரி. "இரு. வரேன்."

வாசல் கதவு. வெளிப்பூட்டு. திருட்டு பயம் என்று அவன் மாட்டினது. பின்கதவு. அதுவும். ஜன்னல். கம்பி. கம்பிக்கு வெளியே மழை, மழைக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீடு, பூட்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம்தான். வருவார். அவரிடம் சொல்லலாம். இரண்டு சொல் போதும். மழையில் ஊறித் திறக்கவராத ஜன்னலின் கண்ணாடியை உடைக்க மிஷின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

தெருமுனையில் கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குள் டீச்சரின் புடவை ஓரம். மூடியை ஓங்கினாள்.

குடைக்குள் இரண்டு பேர்.

அவன்தான் பிடித்திருந்தான். தன் தோள் நனைய, முழுக்க டீச்சர் பக்கம் சாய்த்து. ஏதோ சொன்னான், டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நேரத்திலும், ஒரு நொடி, அவளுக்குப் பொறாமையாக இருந்தது. என்னோடு இப்படி ஒரே குடையில் நடந்ததில்லையே என்று. அப்புறம் அவன் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். டீச்சரின் முகத்தில் இல்லை. இடுப்பில்.

டீச்சர் தன் வீட்டு வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் அவளைக் கண்டு, கையை ஆட்டினார். அவள் கண்ணாடியைத் தட்டினாள். வாயைத் திறந்து கத்தினாள். மழை. டீச்சர் காதருகே கையை வைத்துக் காட்டி, கேக்கலை என்று உதட்டை அசைத்து, நாளைக்குப் பேசலாம் என்று சைகை செய்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

பூட்டில் சாவி.

அவன் செருப்பை ஓரமாகக் கழற்றினான். குடையை விரித்தே காய வைத்தான். மூடியில்லாத மிஷினைப் பார்த்தான். சாய்ந்த அலமாரிக் கதவைப் பார்த்தான். கத்தவில்லை. கை நீட்டவில்லை. தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி, எண்ணி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நீலத்தைப் போட்டுக்கோ," என்றான்.

அவள் போட்டுக்கொண்டாள். கை தானாகவே போட்டது. ஒரு வருடப் பழக்கம்.

கண்ணாடி முன் நிறுத்தினான். பின்னால் நின்றான். நனைந்த சட்டை அவள் முதுகில் சில்லென்று ஒட்டியது. டெட்டால் வாசனை. இடுப்பில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்து, நாக்கால் மெல்ல உச்சுக் கொட்டினான். பையிலிருந்து ஒரு சின்ன உறை எடுத்தான். ஒட்டின உறை. பல்லால் கிழித்தான்.

வளைந்த ஊசி. கறுப்பு நூல் ஏற்கெனவே கோத்தது.

"நேரா நில்லு," என்றான், அன்பாக. "மூச்சைப் பிடிச்சுக்கோ."

கண்ணாடியில் அவள் விலா நின்றது. அசையாமல். மேலே ஏறாமல், கீழே இறங்காமல். பிடித்துக்கொண்டாள்.

முதல் தையல் துணியை மட்டும் பிடித்தது.